குட்டைக்குழல் ரிவால்வர்: சேலம், சேர்வராயன் மலைப் பகுதி ஆர்வலர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்திலும் ஏற்காட்டிலும் கைத்துப்பாக்கிகள்மீது ஈடுபாடு உள்ளவர்கள் மிகச் சிலரே. ரைபிள் கிளப்பில் பயிற்சி பெறுபவர்கள், ஓய்வுபெற்ற படைவீரர்கள், பழைய எஸ்டேட் குடும்பத்தினர், எந்த இயந்திரத்தைக் கண்டாலும் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கத் துடிக்கும் லேத் பட்டறைக்காரர்கள் என்று அவர்களை ஒரு கைக்குள் அடக்கிவிடலாம். அவர்கள் கூடும்போதெல்லாம் பேச்சு எங்கே தொடங்கினாலும் சிறிய ரிவால்வரில்தான் வந்து நிற்கிறது. அப்போது எழும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே தரப்பட்டுள்ளன.

குட்டைக்குழல் ரிவால்வர் என்பது எது?

குழலின் நீளம் 2 அங்குலத்தை ஒட்டியிருக்கும். கூடிப்போனால் 3 அங்குலம். சிலிண்டரில், அதாவது தோட்டா அறைகள் கொண்ட சுழலும் உருளையில், 5 அல்லது 6 தோட்டாக்கள் கொள்ளும். எடை அரைக் கிலோவுக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். அமெரிக்காவில் இவற்றை ஸ்னப் நோஸ் என்பார்கள். குழல் மட்டும் குறைந்தால் போதாது, சட்டகமும் கைப்பிடியும் சேர்ந்து சிறுத்திருக்க வேண்டும் என்பதே ஆர்வலர்கள் பொதுவாக வைக்கும் அளவுகோல்.

பதினைந்து தோட்டா கொள்ளும் பிஸ்டல்கள் வந்த பிறகும் இதை ஏன் விரும்புகிறார்கள்?

முதற்காரணம் இதன் இயக்கம் கண்ணுக்குத் தெரிவது. டிரிகரை இழுக்கும்போது ஹேமர், அதாவது தோட்டாவின் பின்புறத்தில் அடிக்கும் சுத்தி, எழுகிறது. உள்ளிருக்கும் நெம்பு சிலிண்டரின் பின்புறப் பல்லைத் தள்ளிச் சுழற்றுகிறது. அடுத்த அறை குழலுக்கு நேராக வந்த கணத்தில் அடியிலுள்ள முளை பள்ளத்தில் விழுந்து சிலிண்டரைப் பூட்டுகிறது. அதன் பிறகே ஹேமர் விடுபட்டு விழுகிறது. இவ்வளவும் ஒரே விரலின் ஒரே இழுப்பில் நடக்கின்றன. சாமுவேல் கோல்ட் 1836-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற ரிவால்வரில் ஒவ்வொரு முறையும் ஹேமரைக் கட்டைவிரலால் இழுத்து நிறுத்த வேண்டியிருந்தது. டிரிகர் இழுப்பிலேயே எல்லாம் நடக்கும் டபுள் ஆக்‌ஷன் முறையை இங்கிலாந்தில் ராபர்ட் ஆடம்ஸ் 1851-இல் கொண்டுவந்தார். அடிப்படை வரிசை அன்றிலிருந்து மாறவில்லை.

இரண்டாவது காரணம் இந்த இயக்கத்துக்கான ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பது. தானியங்கிப் பிஸ்டல் தன் வேலையைச் செய்வதற்கு வெடித்த தோட்டாவின் உதையை நம்பியிருக்கிறது. தோட்டா வலுவற்றதாக இருந்தாலோ மணிக்கட்டு தளர்ந்திருந்தாலோ மேல்பாகம் முழுத் தொலைவும் பின்னோக்கிப் போகாமல் சிக்கிக்கொள்ளும். பிஸ்டல் சிறியதாக ஆக ஆக இந்தத் தொல்லை கூடும். ரிவால்வருக்கு அந்தச் சார்பு இல்லை. அது சுழல்வது சுடுபவரின் விரல்வலுவால்தான். மென்மையான தோட்டா, கடுமையான தோட்டா என்ற வேறுபாட்டை அது பொருட்படுத்துவதில்லை.

மூன்றாவதாக, ரிவால்வரின் கைப்பிடிக்குள் தோட்டாக்கூடு இல்லை. உள்ளே இருப்பது ஒரு வில்லும் அதைத் தாங்கும் சட்டகமும் மட்டுமே. ஆகையால் கைப்பிடியின் அளவையும் வடிவையும் கைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். ஈட்டிமரம், ரோஸ்வுட், ரப்பர் என்று ஒரே ரிவால்வருக்கு மூன்று கைப்பிடிகள் வைத்திருப்பவர்கள் உண்டு. வெளியாருக்கு இது அலங்காரமாகத் தோன்றலாம். உண்மையில் இந்த அளவுள்ள துப்பாக்கியில் குறி தப்புவதற்கும் படுவதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் பெரும்பங்கு கைப்பிடிக்குரியது.

இவற்றோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். சிறிய ரிவால்வரைப் புரிந்துகொள்வது எளிது. அதைக்கொண்டு நன்றாகச் சுடுவது மிகக் கடினம். இந்த முரண்தான் தேர்ந்த ஆர்வலரை அதனிடம் கட்டிவைக்கிறது என்பது என் கருத்து.

ஆறு அறைகளுக்குப் பதிலாக ஐந்து மட்டும் வைப்பது எதற்காக?

முதன்மையான நோக்கம் பருமனைக் குறைப்பது. ரிவால்வரில் அகலமான பகுதி சிலிண்டர்தான். .38, .32 போன்ற எண்கள் தோட்டாவின் தோராயமான விட்டத்தை அங்குலத்தில் குறிப்பவை. .38 ஸ்பெஷல் தோட்டாவுக்கான, அமெரிக்க நிறுவனமான ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஐந்தறைச் சிலிண்டர் விட்டத்தில் ஏறத்தாழ 33 மி.மீ.; அதே தோட்டாவுக்கான கோல்ட்டின் சிறிய ஆறறைச் சிலிண்டர் அதைவிட 2 மி.மீ. அளவுக்குப் பெரியது. எண்ணிக்கையில் அற்பமாகத் தெரியும் இந்த வேறுபாடு இடுப்பில் செருகும்போது நன்றாகவே உணரப்படும்.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு பொறியியல் நயம் இருக்கிறது. சுடும் அறை மேலே இருக்கும்போது சிலிண்டரைப் பூட்டும் முளை கீழிருந்து பிடிக்கிறது. ஆறறைச் சிலிண்டரில் மேல் அறைக்கு நேர் எதிரே கீழே இன்னோர் அறை இருப்பதால் பூட்டுப் பள்ளம் அந்த அறையின் சுவரின்மீதே, அதாவது உலோகம் மிக மெலிந்த இடத்திலோ அதற்கு மிக அருகிலோ வெட்டப்படுகிறது. ஐந்தறைச் சிலிண்டரில் அறைகள் 72 பாகை இடைவெளியில் அமைவதால் மேல் அறைக்கு நேர் எதிரே வருவது இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள தடித்த உலோகம். பள்ளம் அங்கே விழுகிறது. சிறிய சட்டகத்தில் வலுவான தோட்டாவை அடக்க முடிந்ததில் இந்த ஒற்றைப்படை எண்ணுக்குப் பங்கு உண்டு. லேத்தில் வேலை செய்த ஒருவரிடம் இதைச் சொன்னால் அடுத்த வார்த்தை பேசுவதற்கு முன் காகிதத்தில் ஐந்து வட்டம் போட்டுப் பார்ப்பார்.

இந்த வகை எப்போது தோன்றியது?

பையில் அடங்கும் ரிவால்வர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தன. பர்மிங்காமின் வெப்ளி நிறுவனம் 1872-இல் வெளியிட்ட பிரிட்டிஷ் புல்டாக் அவற்றில் பெயர்பெற்றது: இரண்டரை அங்குலக் குழல், ஐந்து அறைகள், பெரிய விட்டமுள்ள தோட்டா. பெல்ஜியத்திலும் அமெரிக்காவிலும் அதற்கு எண்ணற்ற நகல்கள் கிளம்பின.

இன்று நாம் காணும் வடிவத்துக்கு இரண்டு ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஒன்று 1927; கோல்ட் நிறுவனம் 2 அங்குலக் குழலும் ஆறு அறைகளும் கொண்ட டிடெக்டிவ் ஸ்பெஷலை வெளியிட்டது. அதற்கு முன்பே அந்த நிறுவனத்தின் ஜான் ஹென்றி ஃபிட்ஸ்ஜெரால்டு என்பவர் பெரிய ரிவால்வர்களின் குழலை வெட்டி, ஹேமரின் முள்ளை அகற்றி, டிரிகர் காப்பின் முன்பகுதியையும் அறுத்துவிட்டுச் சிறப்புத் துப்பாக்கிகள் செய்துகொடுத்தார். காப்பில்லாத டிரிகரை இன்று எந்தப் பயிற்றுநரும் சுடுதளத்துக்குள் விடமாட்டார். அன்று அதை வேகத்துக்கான வசதியாகக் கருதினார்கள். இரண்டாவது ஆண்டு 1950. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தன் பழைய சிறிய சட்டகத்தைச் சற்று நீட்டி .38 ஸ்பெஷல் தோட்டாவை ஏற்கும்படி செய்து, அமெரிக்கக் காவல்துறைத் தலைவர்களின் மாநாட்டில் அறிமுகப்படுத்தியது. சீஃப்ஸ் ஸ்பெஷல் என்ற பெயர் அந்த மாநாட்டில் கிடைத்தது. பின்னாளில் அதற்கு மாடல் 36 என்று எண்ணிட்டார்கள். ஜே சட்டகம் என்று ஆர்வலர்கள் சொல்வது இதன் குடும்பத்தைத்தான்.

1965-இல் வந்த மாடல் 60 அந்தக் குடும்பத்தில் தனித்து நிற்கிறது. துருப்பிடிக்காத எஃகில் செய்து சந்தைக்கு வந்த முதல் ரிவால்வர் அது. ஸ்டெயின்லெஸ் எஃகு வெட்டும்போதே இறுகிக்கொள்ளும், உரசும் இரு பரப்புகளும் ஒரே வகை எஃகாக இருந்தால் ஒன்றையொன்று கவ்வும் என்பது சேலம் உருக்காலையின் தகடுகளில் வேலை செய்யும் பட்டறைகளுக்குப் புதிய செய்தி அல்ல. அந்தக் குணமுள்ள உலோகத்தில் டிரிகர், ஹேமர், நெம்பு முதலிய நுண்பாகங்களை வழுவழுப்பாக இயங்கச் செய்தது சாதாரண வேலை இல்லை.

சில மாதிரிகளில் ஹேமரே தெரிவதில்லையே?

பையிலிருந்து எடுக்கும்போது ஹேமரின் முள் துணியில் மாட்டக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தன் நூற்றாண்டையொட்டி 1952-இல் வெளியிட்ட சென்டென்னியல் மாதிரியில் ஹேமர் முழுவதும் சட்டகத்துக்குள் மறைந்திருக்கும். பாடிகார்டு என்ற மாதிரியில் இருபுறமும் சுவர் எழுப்பி, நுனியை மட்டும் கட்டைவிரலுக்கு எட்டும்படி விட்டிருக்கிறார்கள். முழுவதும் மறைந்த வகையில் ஹேமரை முன்கூட்டியே நிறுத்திவைத்து லேசான இழுப்பில் சுடும் சிங்கிள் ஆக்‌ஷன் வசதி கிடையாது. அதைக் குறை என்பாரும் உண்டு. ஒரு பதற்றமான நேரத்தில் ஹேமரை நிறுத்திவிட்டு, பிறகு அதை எப்படிப் பத்திரமாக இறக்குவது என்று தடுமாறும் நிலை வராது என்பதால் நான் அதை நன்மையாகவே எண்ணுகிறேன்.

சிறியதாக இருப்பதால் புதியவர்களுக்கு ஏற்றது என்கிறார்களே?

இந்தத் துறையில் மிகவும் பரவிவிட்ட தவறான கருத்து இது. கடைக்காரர்களும் உறவினர்களும், குறிப்பாகப் பெண்களிடம், "கைக்கு அடக்கமாக இருக்கும்" என்று சொல்லி இதைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள்.

கணக்கைப் பார்ப்போம். டபுள் ஆக்‌ஷன் இழுப்புக்குப் பொதுவாக ஐந்து கிலோவுக்கு மேல் விசை தேவைப்படும். அலுமினியக் கலவைச் சட்டகம் கொண்ட சிறிய ரிவால்வரின் எடையோ 400 கிராமை ஒட்டியது. தன் எடையைப்போல் பன்னிரண்டு மடங்குக்கும் மேலான விசையோடு டிரிகரை இழுக்கும்போது துப்பாக்கி அசையாமல் இருக்க வேண்டுமானால் மற்ற விரல்களும் மணிக்கட்டும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். அடுத்தது குறிபார்க்கும் நீளம். 2 அங்குலக் குழலில் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி ஏறத்தாழ 90 மி.மீ. முன்குறி 1 மி.மீ. விலகினால் 10 மீட்டரில் குண்டு 11 செ.மீ. விலகும். பன்னாட்டுத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பின் 25 மீட்டர் பிஸ்டல் போட்டிகளில் இந்த இடைவெளி 220 மி.மீ. வரை அனுமதிக்கப்படுகிறது, அதே தவறு அங்கே நாலரை செ.மீ. விலகலோடு முடிந்துவிடும். போட்டித் துப்பாக்கியின் டிரிகர் ஒரு கிலோ விசைக்கு அசையும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தளத்தில் போட்டிப் பிஸ்டலால் கறுப்பு வட்டத்தைத் தவறவிடாதவர் குட்டை ரிவால்வரைக் கையில் எடுத்ததும் அட்டையின் ஓரங்களைத் துளைப்பது வாடிக்கையான காட்சி.

இதற்கு மருந்து பயிற்சி ஒன்றுதான். டிரிகரை நிறுத்தாமல், அவசரப்படாமல், ஒரே சீரான வேகத்தில் இறுதிவரை உருட்டுவது போல இழுக்கப் பழக வேண்டும். டம்மி தோட்டாக்களைப் போட்டுச் செய்யும் உலர்பயிற்சி மிகவும் உதவும்; உண்மைத் தோட்டா எதுவும் அந்த அறையிலேயே இருக்கக்கூடாது. இப்படிப் பழகியவர் பிறகு எந்தக் கைத்துப்பாக்கியை எடுத்தாலும் அவருடைய டிரிகர் கட்டுப்பாடு தெரியும். பயிற்றுநர்கள் சிலர் தேர்ந்த மாணவர்களுக்கு வேண்டுமென்றே குட்டை ரிவால்வரைக் கொடுப்பதன் காரணம் இது.

எடை குறையக் குறைய நல்லதல்லவா?

சுமப்பவருக்கு நல்லது, சுடுபவருக்குக் கெடுதல். அலுமினியம், டைட்டானியம், ஸ்காண்டியம் கலந்த அலுமினியம், பிறகு 2009-இல் ரூகர் நிறுவனத்தின் எல்சிஆர் வழியாக பாலிமர் என்று எடைக்குறைப்பு ஓட்டம் நீண்டுகொண்டே போனது. 350 கிராமுக்கும் குறைந்த சட்டகத்தில் .357 மேக்னம் தோட்டாவைப் போட்டுச் சுடும் மாதிரிகள்கூட விற்பனைக்கு வந்தன. ஒரு சிலிண்டர் சுட்டதும் உள்ளங்கை சிவந்துவிடும். இரண்டாவது சிலிண்டருக்குள் ஒவ்வொரு இழுப்புக்கும் முன்னால் கண் தானாக மூடிக்கொள்ளும். உதை கூடினால் இன்னொரு சிக்கலும் உண்டு. துப்பாக்கி வேகமாகப் பின்னோக்கி உதைக்கும்போது சிலிண்டரில் காத்திருக்கும் தோட்டாக்களின் உறை உடன் பின்வாங்க, குண்டு மட்டும் தன் இடத்திலேயே நிற்க முயன்று உறையிலிருந்து சற்று வெளியே நழுவும். அந்த நுனி சிலிண்டருக்கு வெளியே நீட்டிக்கொண்டால் சுழற்சி நின்றுவிடும். எஃகுச் சட்டகத்தின் 550 கிராம் எடையை நான் பாரமாக நினைக்கவில்லை.

"ரிவால்வர் ஒருபோதும் சிக்காது" என்பது உண்மையா?

பாதி உண்மை. ஒரு தோட்டா வெடிக்கவில்லையென்றால் மறுபடி இழுத்தால் அடுத்த அறை வந்துவிடும்; பிஸ்டலில் இவ்வளவு எளிதாக அது தீராது. ஆனால் காலி உறைகளை வெளியேற்றும் நட்சத்திரத் தட்டின் அடியில் எரியாத வெடிமருந்துத் துகள் சில தங்கினாலே சிலிண்டர் மூடாது. வெளியேற்றும் கம்பியின் திருகு தளர்ந்தால் திறக்காது. உள்ளே பல் தேய்ந்தால் அறை குழலுக்கு நேராக வருமுன் ஹேமர் விழும். அப்போது ஈயச் சீவல்கள் பக்கவாட்டில் தெறிக்கும். பிஸ்டலில் நேரும் சிக்கல்களைப் பெரும்பாலும் கையாலேயே தீர்க்கலாம். ரிவால்வர் அரிதாகவே சிக்கும். சிக்கினால் திருப்புளியும் ஆயுதப் பணியாளரும் தேவைப்படலாம்.

சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய இடைவெளியிலிருந்து சுடும்போதெல்லாம் சுடுவாயு பீறிடும். பிஸ்டல் பிடிக்கும் பழக்கத்தில் இடதுகைக் கட்டைவிரலை முன்னே நீட்டுபவர்கள் இதை முதல்நாளே அறிந்திருக்க வேண்டும்.

இந்தியாவில் எல்லாரும் .32 என்றே சொல்கிறார்களே, ஏன்?

இராணுவமும் காவல்துறையும் பயன்படுத்தும் .380, .455, 9 மி.மீ. சர்வீஸ் தோட்டாக்களை ஏற்கும் ரிவால்வர்களும் பிஸ்டல்களும் நம் ஆயுத விதிகளில் தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தவை. சாதாரணக் குடிமகன் பெறும் உரிமத்தில் அவை வாரா. ஆகையால் பொதுமக்களுக்கான ரிவால்வர் என்றாலே .32 என்றாகிவிட்டது. அதன் தோட்டா 1896 முதல் புழக்கத்தில் இருக்கும் .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங்.

கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலை செய்யும் .32 ரிவால்வர் பழைய வெப்ளி மார்க் 4 வழியில் வந்தது. நடுவில் கீல் வைத்து மடியும் சட்டகம், 3 அங்குலக் குழல், ஆறு அறைகள், 700 கிராமை ஒட்டிய எடை. மடக்கித் திறந்ததும் ஆறு காலி உறைகளும் ஒன்றாக எழுந்து வெளியே விழும் காட்சி புதியவர்களை உடனே கவரும். 1980-களின் நடுப்பகுதியில் தனியார் இறக்குமதி நின்றுபோனதால் அதற்கு முன் வந்த வெளிநாட்டு ரிவால்வர்களுக்கு இங்கே கிடைக்கும் விலையைக் கேட்டால் வெளிநாட்டார் நம்பமாட்டார்கள். 2021 அக்டோபர் 1-இல் படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது கான்பூர் ஆலையும் நம் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் ஒரே நிறுவனத்தின்கீழ் வந்தன. அந்த நிறுவனம் 2023-இல் வெளியிட்ட பிரபல் என்ற .32 ரிவால்வரில் கீலுக்குப் பதிலாகச் சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வருகிறது. இதற்கிடையே உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்திலுள்ள சண்டீலாவில் 2020-இல் தனியார் கூட்டு முயற்சியாக வெப்ளி பெயரிலேயே .32 ரிவால்வர் உற்பத்தி தொடங்கியது.

நம் ஆர்வலர்களில் பலர் .32-ஐ ஏளனமாகப் பேசுவார்கள். அமெரிக்கத் தோட்டா அட்டவணைகளைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுவார்கள். அதே தோட்டாவின் தட்டைமுனை வடிவம்தான் 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் போட்டியில் உலகெங்கும் பெரிதும் பயன்படுகிறது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். இந்தியத் துப்பாக்கிச் சுடுதல் வீரர் ஜஸ்பால் ராணா 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றதும், 2006 தோஹாவில் 590 புள்ளிகள் எடுத்து உலகச் சாதனையைச் சமன் செய்ததும் அந்தப் போட்டியில்தான். உதை மென்மை, துல்லியம் கூர்மை. உறை மெலிந்ததாக இருப்பதால் .38-க்கு ஐந்து அறை மட்டும் கொள்ளும் சிலிண்டரில் .32-க்கு ஆறு அறை வைக்கலாம். அமெரிக்காவிலேயே 2024-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தன் ஜே சட்டகத்தில் ஆறறை கொண்ட .32 மேக்னம் மாதிரிகளைத் திரும்பக் கொண்டுவந்தது, நம் .32 லாங் தோட்டாவை அவற்றிலும் போட்டுச் சுடலாம். சட்டம் நம்மீது சுமத்தியதாக நாம் அலுத்துக்கொள்ளும் விட்டத்தை அங்கே விரும்பித் தேடுகிறார்கள். சிறிய ரிவால்வருக்குப் பொருந்திய தோட்டா சிறிய தோட்டாவே என்பது எனக்கு நெடுங்காலமாகவே இருக்கும் எண்ணம். நமக்கு வேண்டியது பெரிய விட்டம் இல்லை, நல்ல டிரிகர்.

பெண்களுக்கென்று ஒரு ரிவால்வர் வந்ததே?

2014 ஜனவரியில் கான்பூரில் வெளியான நிர்பீக்கைக் கேட்கிறீர்கள். டைட்டானியம் கலவை, சுமார் 500 கிராம் எடை, .32 தோட்டா, அன்றைய விலை 1,22,360 ரூபாய். 2012 டெல்லி பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு, அதில் உயிரிழந்தவருக்கு ஊடகங்கள் இட்ட நிர்பயா என்ற பெயரை நினைவூட்டும் பெயரோடு அதைச் சந்தைப்படுத்தியதைப் பலர் கண்டித்தார்கள். நானும் அந்தப் பக்கம்தான். எடையைக் குறைத்துவிட்டால் பெண்ணுக்கு ஏற்றதாகிவிடும் என்ற எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை மேலே டிரிகர் கணக்கில் பார்த்தோம்.

ஏற்காட்டு எஸ்டேட் வீட்டில் தாத்தாவின் பழைய ரிவால்வர் இருக்கிறது. என்ன செய்வது?

உரிமம் பெற்றவர் காலமாகிவிட்டால் அந்தத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பதே குற்றமாகிவிடும். பரம்பரைச் சொத்து என்ற வாதம் நிற்காது. காலம் தாழ்த்தாமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கி விற்பனையாளரிடமோ ஒப்படைத்து எழுத்துமூலம் ரசீது பெறுங்கள். பிறகு வாரிசுகளில் ஒருவர் தம் பெயருக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். உரிமதாரர் உயிரோடிருக்கும்போதே, அவருக்கு 70 வயது நிறைந்தாலோ அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, வாரிசுக்கு மாற்றிக்கொடுக்க 2016 ஆயுத விதிகளில் வழி இருக்கிறது. பல குடும்பங்கள் இதை அறியாமல் முதியவர் மறையும் வரை காத்திருந்து சிக்கலைப் பெருக்கிக்கொள்கின்றன.

2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. உரிமத்தின் காலம் மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக உயர்ந்தது. திருமணத்திலோ திருவிழாவிலோ வானை நோக்கிச் சுட்டு ஆபத்து விளைவித்தால் இரண்டாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். தேர்தல் காலங்களில் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லிக் கடிதம் வந்தால் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மலைப் பனிமூட்டத்தில் துப்பாக்கி கெடாதா?

கெடும், அதுவும் கண்முன் கெடும். சேலத்தின் வெயிலில் எண்ணெய் காய்வதுதான் தொல்லை; 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டிலோ மழைக்காலத்தில் அலமாரிக்குள்ளேயே ஈரம் சேரும். முதல் எதிரி தோல் உறை. பதனிட்ட தோல் ஈரத்தை உறிஞ்சிவைத்துக்கொண்டு எஃகின் நீலப்பூச்சை அரிக்கும். பித்தளைத் தோட்டாக்களில் பச்சைக் களிம்பு ஏறும். துப்பாக்கியைத் தோலுறையில் போட்டு நாள்கணக்கில் வைக்காதீர்கள். வெளிப்பரப்பில் மெல்லிய எண்ணெய், அலமாரியில் சிலிக்கா ஜெல் பைகள், கையால் தொட்ட பிறகு துணியால் ஒரு துடைப்பு, இவ்வளவு போதும். சிலிண்டர் அறைகளுக்குள் எண்ணெய் நிற்கவிட்டால் அது தோட்டாவின் பின்பக்கத்திலுள்ள பிரைமரை (வெடிமருந்தைப் பற்றவைக்கும் பகுதியை) நனைத்துவிடும். சமையலறைத் தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். குளிரில் உறைந்து நுண்பாகங்களைக் கவ்வும்.

காப்பித் தோட்டத்தில் காட்டெருமை வந்தால் உதவுமா?

உதவாது. சிறிய ரிவால்வரின் குண்டு அத்தகைய விலங்கைச் சினமூட்டும், நிறுத்தாது. அதைச் சுடுவதை 1972 வனவிலங்குச் சட்டமும் அனுமதிக்கவில்லை. வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள்.

உரிமம் இல்லாமல் இந்த ஈடுபாட்டை வளர்த்துக்கொள்ள முடியுமா?

முடியும். நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் தொடங்கினோம். ரைபிள் கிளப்பில் சேர்ந்து 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் பழகுவது மிகச் சிறந்த வழி. வீட்டில் பயிற்சி வேண்டுபவர்களுக்கு .177 விட்டத்தில் 20 ஜூலுக்கு உட்பட்ட காற்றுத் துப்பாக்கிகளுக்கு உரிமம் தேவையில்லை. வாயுக் குப்பியால் இயங்கும், சிலிண்டர் சுழலும் ரிவால்வர் வடிவங்களும் அவற்றில் உண்டு. ஆனால் பார்வைக்கு அது அசலைப்போலவே இருக்கும் என்பதை மறக்கக்கூடாது. பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் பயணம் செய்வதும், நண்பர்கள் முன் விளையாட்டாக நீட்டுவதும், கையில் பிடித்தபடி எடுத்த படத்தை ஊருக்கெல்லாம் அனுப்புவதும் காவல் நிலையத்தில் கொண்டுபோய் நிறுத்தும்.

பட்டறை வைத்திருப்பவர்களுக்குத் தனியே ஒரு எச்சரிக்கை. வரைபடம் இருக்கிறது, லேத் இருக்கிறது, ஒரு சிலிண்டர் மட்டும் கடைந்து பார்க்கலாமே என்ற ஆசை இயல்பானது. உரிமமின்றி ஆயுதமோ அதன் பாகமோ செய்வதற்கான குறைந்தபட்சத் தண்டனை 2019-க்குப் பிறகு ஏழாண்டுச் சிறை, அதிகபட்சம் ஆயுள். ஆசையை வரைபடத்தோடு நிறுத்துங்கள்.

நம் ஊரில் இந்த மோகம் திரைப்படங்களால் வந்ததா?

ஓரளவுக்கு. டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஏற்காடு அடிவாரச் சாலையில்தான் இயங்கியது. 1960-களில் அதன் துப்பறியும் படங்களில் ஜெய்சங்கர் கையில் துப்பாக்கியோடு ஓடியதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இங்கே பெரிது. அந்தப் படங்கள் ஆர்வத்தைத் தந்தன. டிரிகர்மீது எப்போதும் விரலை வைத்திருக்கும் கெட்ட பழக்கத்தையும் தந்தன. சுடும் முடிவு எடுக்கும் வரை விரல் சட்டகத்தின் பக்கவாட்டில்தான் இருக்க வேண்டும் என்பதைப் பயிற்றுநர்கள் இன்றும் முதல்பாடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். கனமான டிரிகர் பாதுகாப்பு ஆகுமா?

ஆகாது. இரண்டு கையாலும் பிடித்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினால் சிறுவனாலும் இழுக்க முடியும்; ஹேமரைப் பின்னிழுத்துவிட்டால் அந்தக் கனமும் இல்லை. துப்பாக்கி பூட்டிய பெட்டியில், தோட்டா வேறொரு பூட்டிய பெட்டியில், சாவி உரிமதாரரிடம். இதில் சலுகை எதுவும் இல்லை.

உரிமம் கிடைத்துவிட்டது. கடையில் எதைப் பார்த்து வாங்குவது?

விற்பனையாளரின் அனுமதியோடு முதலில் சிலிண்டரைத் திறந்து எல்லா அறைகளும் காலி என்பதை நீங்களே பாருங்கள்; அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டதாகச் சொன்னாலும் பாருங்கள். பிறகு மூடி, டிரிகரை மிக மெதுவாக இழுத்து, ஹேமர் விழுவதற்கு முன் சிலிண்டர் பூட்டிக்கொள்ளும் சிறிய ஓசை கேட்கிறதா என்று ஒவ்வோர் அறைக்கும் சோதியுங்கள். டிரிகரைப் பின்னால் பிடித்தபடியே சிலிண்டரை விரலால் அசைத்தால் மிகக் குறைவான ஆட்டமே இருக்க வேண்டும். கீல் வைத்த மாதிரியானால் பூட்டிய நிலையில் குழலையும் கைப்பிடியையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். கீலிலோ மேல்பூட்டிலோ தளர்வு தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். குழலின் வாய்விளிம்பில் வெட்டோ நசுங்கலோ இருந்தால் குறி சாயும். பழைய துப்பாக்கியானால் அதன் மேலுள்ள எண்ணும் விற்பவரின் உரிமத்திலுள்ள எண்ணும் ஓர் இலக்கம்கூட மாறாமல் பொருந்த வேண்டும். இந்தச் சோதனைகளைச் செய்யவிடாத கடையில் எதையும் வாங்காதீர்கள்.